அக்சஸில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பில் போட்டால் லாக் ஆகிறது: எஸ்க்யூஎல் சர்வருக்குப் போவதுதான் வழியா?

குடோன்கணக்கு:

வணக்கம். பைப், ஃபிட்டிங்ஸ் மொத்தக் கடை ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எனக்கு முன்னால் இருந்தவர் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில் எழுதி வைத்துவிட்டுப் போன பில்லிங் புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. ஆரம்பத்தில் இரண்டு மெஷின், அப்போது பிரச்சினையே இல்லை. இப்போது கவுன்ட்டரில் நான்கு, குடோனில் இரண்டு, அக்கவுன்ட்ஸில் இரண்டு. ஒரே ஏசிசிடிபி (அக்சஸ் டேட்டாபேஸ்) கோப்பு சர்வரில் ஷேர் ஃபோல்டரில் கிடக்கிறது, எல்லோர் டெஸ்க்டாப்பிலும் அதற்கு ஒரு ஷார்ட்கட்.

காலை பத்தரைக்குக் கூட்டம் ஏறினால் போதும், 3260 என்று எர்ரர் வந்து இன்னொருவர் பூட்டி வைத்திருக்கிறார் என்கிறது. சில சமயம் "நீங்கள் திருத்திக்கொண்டிருந்தபோது வேறொருவர் இதை மாற்றிவிட்டார்" என்று மூன்று பட்டன் உள்ள பெட்டி வருகிறது, பையன்கள் எதையோ அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், சாயந்திரம் இருப்பு இடிக்கிறது. ஒரே பில் நம்பர் இரண்டு பேருக்கு விழுவதும் உண்டு.

ஃபார்மில் ரெக்கார்ட் லாக்ஸ் என்ற இடத்தில் "எடிட்டட் ரெக்கார்ட்" என்று மாற்றிப் பார்த்தேன், இன்னும் மோசம். ஒருவர் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு டீக்குப் போனால் அந்த வாடிக்கையாளரை வேறு யாரும் தொட முடியவில்லை. எஸ்க்யூஎல் சர்வருக்கு (சர்வரில் தனியாக ஓடும் பெரிய டேட்டாபேஸ்) மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? முதலாளி செலவு என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்.

பழைய_டிபிஏ:

எஸ்க்யூஎல் சர்வர் அப்புறம். முதலில் அந்த ஷார்ட்கட்டை எடுங்கள். எட்டுப் பேரும் ஒரே கோப்பைத் திறக்கிறார்கள் என்றால் டேபிள் மட்டுமல்ல, ஃபார்ம், ரிப்போர்ட், கோட் எல்லாமே ஒரே கோப்பிலிருந்து பகிரப்படுகிறது. லாக் தொல்லையை விடுங்கள், கோப்பே ஒருநாள் கெட்டுப்போகும். இரண்டாகப் பிரியுங்கள். டேபிள்கள் மட்டும் உள்ள பேக் எண்ட் சர்வரில், ஃபார்ம்களும் குவரிகளும் (டேட்டாவை எடுக்கும், மாற்றும் கட்டளைகள்) உள்ள ஃபிரண்ட் எண்ட் ஒவ்வொரு மெஷினின் சொந்த டிஸ்கில். அக்சஸிலேயே இதற்கு ஸ்ப்ளிட்டர் விசார்ட் இருக்கிறது, பைசா செலவில்லை.

அடுத்தது பூட்டு எவ்வளவு பெரிது என்ற விஷயம். அக்சஸ் 97 வரை பூட்டு என்றால் 2 கேபி பக்கம் (கோப்பின் ஒரு துண்டு) முழுக்கப் பூட்டுதான், அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் ரெக்கார்டும் (டேபிளின் ஒரு வரி) சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அக்சஸ் 2000-இல் அதன் உள் இன்ஜினாக ஜெட் 4.0 வந்தபோது பக்கம் 4 கேபி ஆனது, ஒற்றை ரெக்கார்டைப் பூட்டும் வசதியும் வந்தது. ஆனால் இதில் இரண்டு சங்கதி உண்டு. டேட்டாபேஸை முதலில் திறப்பவரின் மெஷினில் என்ன செட்டிங்கோ அதுதான் பின்னால் வருகிற எல்லோருக்கும், ஆகவே எட்டு மெஷினிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ரெக்கார்ட் அளவு பூட்டு என்பது ஃபார்ம், டேட்டாஷீட், ரெக்கார்ட்செட் (கோடில் வரி வரியாகப் போவது) வழியாக எழுதும்போதுதான். ஒரே கட்டளையில் பல வரியை மாற்றும் அப்டேட் குவரி ஓட்டினால் அந்தச் சலுகை கிடையாது.

"எடிட்டட் ரெக்கார்ட்" வேண்டாம், "நோ லாக்ஸ்"-க்கே திரும்புங்கள். அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பூட்டே கிடையாது என்பதல்ல, சேமிக்கிற அந்த நொடியில் மட்டும் பூட்டும். மனிதன் யோசிக்கிற நேரம், டீ குடிக்கிற நேரம், வாடிக்கையாளர் போனில் பேசுகிற நேரம் இதெல்லாம் பூட்டுக்குள் வரவே கூடாது.

இன்னொன்று, 3260 செய்தியிலேயே எந்த மெஷின் பூட்டி வைத்திருக்கிறது என்று பெயர் வரும். பையன்களிடம் சொல்லி அதை ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த டேபிள் என்பதையும் சேர்த்து.

நிரலி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நோய் டேபிள் வடிவத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு கேள்வி: ஐட்டம் மாஸ்டரில் "கையிருப்பு" என்று ஒரு காலம் (நெடுவரிசை) இருக்கிறதா, பில் போடும்போதெல்லாம் அதிலிருந்து கழிக்கிறதா? அதேபோல வாடிக்கையாளர் மாஸ்டரில் "பாக்கி"?

குடோன்கணக்கு:

இரண்டுமே இருக்கின்றன. பில்லில் ஒவ்வொரு வரியையும் அடிக்க அடிக்க இருப்பு குறைகிறது. பில் நம்பர் ஃபார்ம் திறந்ததுமே வந்துவிடும், டிமேக்ஸ் போட்டு இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டுகிறது.

நிரலி:

அப்படியென்றால் பூட்டு விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் கடையில் முக்கால் இஞ்ச் பைப்பும் எல்போவும் இல்லாத பில்லே இருக்காது, அந்த ஐட்டத்தின் ஒற்றை வரியை நான்கு கவுன்ட்டரும் நாள் முழுக்க அடித்துக்கொள்கின்றன. எந்த டேட்டாபேஸுக்கு மாறினாலும் அந்த வரி ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

இருப்பைச் சேமித்து வைக்காதீர்கள், சரக்கு நகர்வைச் சேமியுங்கள். நகர்வு என்று ஒரு டேபிள்: தேதி, ஐட்டம், எத்தனை, வரவா போக்கா, எந்த பில். பில் போட்டால் புதிய வரிகள் சேரும், பழைய வரி எதையும் யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொரு வரியாகச் சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இருப்பு வேண்டும்போது கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஐட்டம், தேதி இரண்டுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) போட்டால் உங்கள் கடை அளவுக்கு அது கண் இமைக்கிற நேரம்தான். வருடங்கள் ஆக ஆகக் கூட்டல் நீளும் என்ற கவலை இருந்தால், குடோனில் ஸ்டாக் எடுக்கும் நாளில் எண்ணிய அளவை ஆரம்ப இருப்பு என்று ஒரு வரியாகப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு வந்ததை மட்டும் கூட்டுங்கள். வாடிக்கையாளர் பாக்கிக்கும் இதே வழி, பில் தொகையும் வரவுத் தொகையும் வரிகளாக இருந்தால் போதும்.

பில் நம்பருக்கு வருகிறேன். ஃபார்ம் திறக்கும்போதே டிமேக்ஸ் எடுப்பது என்றால், இரண்டு பேர் திறந்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண்தானே? சேமிக்கும் நொடியில், அதாவது ஃபார்மின் பிஃபோர் அப்டேட் கோடில் எடுங்கள், அந்தக் காலத்துக்கு ஒரே எண் இரண்டு முறை வர விடாத தனித்துவ இண்டெக்ஸ் கட்டாயம் போடுங்கள். அப்போதும் மோதினால் 3022 என்ற எர்ரர் வரும், அதைப் பிடித்து அடுத்த எண்ணோடு மறுபடி முயலும்படி கோட் எழுதிவிட்டால் பையன்களுக்குத் தெரியவே தெரியாது. அக்சஸ் தானாகப் போடும் ஆட்டோநம்பரை பில் நம்பராக வைக்கும் ஆசை வரும், வேண்டாம். பாதியில் எஸ்கேப் அடித்தாலே ஒரு எண் போய்விடும், ஆடிட்டர் கேட்பார்.

வரிவட்டி:

ஆடிட்டர் என்றதும் ஞாபகம் வந்தது. ஜிஎஸ்டி விதி 46-இல் இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சீரிஸ்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, பல சீரிஸ் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த விதியே சொல்கிறது. நான்கு கவுன்ட்டருக்கும் ஏ, பி, சி, டி என்று முன்னெழுத்து கொடுத்து ஆளுக்கொரு வரிசை வைத்துவிட்டால் எண்ணுக்காக யாரும் யாரோடும் மோத வேண்டியதே இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ரிட்டர்னில் ஒவ்வொரு சீரிஸுக்கும் தொடக்க எண், கடைசி எண் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

நிரலி:

அட, இது எனக்குத் தோன்றவில்லை. லாக்கைத் திறமையாகக் கையாள்வதைவிட லாக்கே தேவைப்படாதபடி பண்ணுவது இன்னும் நல்லது.

சுடுகாப்பி:

எல்லாம் சரிதான், ஆனால் நிரலி சொல்கிற நகர்வு டேபிளில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. குடோனில் பத்து வால்வுதான் மிச்சம். இரண்டு கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் கூட்டிப் பார்க்கிறார்கள், இரண்டிலும் பத்து என்று காட்டுகிறது, இரண்டு பேரும் பத்தை விற்று வரி சேர்க்கிறார்கள். பூட்டு இல்லை, எர்ரர் இல்லை, இருப்பு மைனஸ் பத்து. பழைய முறையில் குறைந்தபட்சம் கத்தியாவது தொலைக்கும்.

நிரலி:

ஓட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வியாபாரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. பைப் கடையில் மைனஸ் வந்தால் சிவப்பில் காட்டினால் போதும், குடோன்காரர் போன் அடிப்பார், மறுநாள் சரக்கு வரும். ரயில் டிக்கெட், தியேட்டர் சீட் மாதிரி ஒன்று கூடினாலும் சண்டை என்கிற இடத்தில் மட்டும் இருப்புக் காலம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் முதலில் படித்து, சரிபார்த்து, பிறகு எழுதுவது என்று மூன்று படியாகச் செய்யக் கூடாது. "இருப்பு பத்துக்குக் குறையாமல் இருந்தால் பத்தைக் கழி" என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட், உடனே எத்தனை வரி மாறியது என்று ரெக்கார்ட்ஸ் அஃபெக்டடில் பாருங்கள். பூஜ்யம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார். அந்த மாதிரி ஐட்டம் உங்களிடம் நான்கைந்து இருக்கலாம், எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை.

பழைய_டிபிஏ:

இப்போது எஸ்க்யூஎல் சர்வர் பற்றி. எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை, அக்சஸின் 2 ஜிபியைவிடத் தாராளம். கோப்பு கெட்டுப்போகும் பயம் குறையும், பேக்கப் ஒழுங்காக எடுக்கலாம். அதற்காகப் போனால் நல்லது. லாக் தொல்லைக்காக மட்டும், டேபிளை இப்படியே தூக்கிக்கொண்டு போனால் அங்கேயும் அதே கதை, வேறு எர்ரர் நம்பரோடு.

போகிறவர்கள் மாட்டுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நாம் நிறுவும் எஸ்க்யூஎல் சர்வரில் செட்டிங் எதையும் மாற்றாவிட்டால், எழுதுபவர் படிப்பவரை நிறுத்துவார், படிப்பவரும் எழுதுபவரை நிறுத்தலாம். 2005 முதல் ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் படிப்பவருக்குக் கடைசியாக உறுதியான (சேமித்து முடித்த) பழைய நகல் கிடைக்கும், காத்திருக்க மாட்டார். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் பிறவியிலேயே இப்படித்தான். பூட்டைப் பார்க்காமல் படிக்கச் சொல்லும் நோலாக் என்பதை எல்லா குவரியிலும் ஒட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது உறுதியாகாத தொகையைக் கூடப் படித்துத் தரும், பில்லிங்கில் அது விஷம்.

அக்சஸ் ஃபார்மை எஸ்க்யூஎல் சர்வர் டேபிளோடு லிங்க் செய்தால், யாருமே தொடாத ரெக்கார்டுக்கும் "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று வரும். காரணம் பெரும்பாலும் ஆம்/இல்லை காலத்தில் நல் (மதிப்பே இல்லாத வெறுமை) இருப்பதுதான், இல்லையென்றால் தசம மதிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருந்தாதது. அந்தக் காலங்களுக்கு டிஃபால்ட்டாக பூஜ்யம் கொடுங்கள், டேபிளில் ரோவெர்ஷன் என்ற காலம் (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும்) ஒன்று சேருங்கள், அக்சஸ் எல்லா காலத்தையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு அதை மட்டும் பார்க்கும்.

ஒரே அப்டேட்டில் ஆயிரக்கணக்கான வரியை மாற்றினால், சுமார் 5000 பூட்டு சேர்ந்ததும் எஸ்க்யூஎல் சர்வர் மொத்த டேபிளையே பூட்டப் பார்க்கும். விலைப்பட்டியல் மாற்றமெல்லாம் கடை மூடிய பிறகு, இல்லாவிட்டால் ஆயிரம் ஆயிரமாக. டெட்லாக் இன்னொன்று: ஒரு பில்லில் பைப், எல்போ என்ற வரிசையில் கழிக்கிறார், இன்னொருவர் எல்போ, பைப் என்று கழிக்கிறார், இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சர்வர் ஒருவரை 1205 என்று வெளியே தள்ளும். நிரலி சொன்னபடி இருப்புக் காலம் வைக்கிற ஐட்டங்கள் இருந்தால் ஐட்டம் கோடு வரிசையில் அடுக்கிய பிறகே கழியுங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால் டெட்லாக் பெரும்பாலும் வராது. வந்தால் அந்த டிரான்சாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய எழுத்துகளின் தொகுப்பு) முதலிலிருந்து ஓட்ட வேண்டும், பாதியிலிருந்து அல்ல.

டிரான்சாக்ஷன் தொடங்கிய பிறகு மெசேஜ் பாக்ஸ் காட்டவே காட்டாதீர்கள். "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

குடோன்கணக்கு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. போன ஞாயிறு கடை லீவில் கோப்பைப் பிரித்துவிட்டேன், "நோ லாக்ஸ்" ஆக்கிவிட்டேன். அதற்கே பாதித் தொல்லை போய்விட்டது. நகர்வு டேபிளை இந்த மாதக் கடைசி ஸ்டாக் எடுப்போடு தொடங்கலாம் என்று திட்டம். பழைய கையிருப்புக் காலத்தை உடனே அழிக்கவில்லை, கொஞ்ச நாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சீரிஸுக்கு ஆடிட்டர் சரி சொல்லிவிட்டார், ஏப்ரலில் இருந்து என்கிறார்.

இரண்டு சந்தேகம். வாடிக்கையாளர் முகவரி, கிரெடிட் லிமிட் இதெல்லாம் திருத்தும்போது "இதை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று மற்றவருக்குக் காட்ட முடியுமா? அக்கவுன்ட்ஸில் ஒருவர் லேப்டாப்பில் வைஃபை வழியாக வேலை செய்கிறார், அது பரவாயில்லையா?

சுடுகாப்பி:

முதலாவது முடியும். ஒரு சின்ன டேபிளில் வாடிக்கையாளர் எண், மெஷின் பெயர், நேரம் என்று எழுதிவைத்து, ஃபார்ம் திறக்கும்போது அதைப் பார்த்துச் சொல்லலாம். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரிதான் அது, டேட்டாபேஸ் அதை மதிக்காது, உங்கள் கோட் மதித்தால் உண்டு. கரண்ட் போய் மெஷின் அணைந்தால் துண்டு அப்படியே கிடக்கும், அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் பழசானால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் மாஸ்டருக்கு இது போதும், பில்லுக்கு இதைக் கொண்டுவராதீர்கள்.

பழைய_டிபிஏ:

வைஃபை கூடவே கூடாது. அக்சஸ் பேக் எண்ட் என்பது வெறும் கோப்பு, எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் பாதி எழுதிய பக்கம் அப்படியே நிற்கும், பூட்டும் விடாது. ஒரு கேபிள் இழுத்துக் கொடுங்கள். அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய ஆள் என்றால், ஆபீஸில் கேபிளில் இருக்கும் ஒரு மெஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் வரட்டும், இணைப்பு அறுந்தாலும் அந்த மெஷினில் அக்சஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.