தலைப்பு வெட்டிய பழைய சேலம் பத்திரிகைகள்: எந்த வருடம் என்று பார்ப்பது எப்படி? தெரிந்தவர்கள் பகிரவும்

அம்மாப்பேட்டை (கேள்வி)

சேலத்துப் பழைய பேப்பர் கடைகளுக்கு நாலு பக்க உள்ளூர் வாரப் பத்திரிகைக் கட்டுகள் இன்னும் எப்போதாவது வருகின்றன. பல கட்டுகளில் முதல் பக்கத்தின் மேல் நாலு விரற்கடையைக் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பெயர், தேதி, விலை எல்லாம் அதோடு போச்சு. எந்த வருடத்துப் பத்திரிகை என்று பார்க்க வழி உண்டா? இவை எப்படி அச்சாயின, ஏன் நின்றன என்பது தெரிந்தவர்களும் எழுதுங்கள். ‘டிவி வந்தது, செல்போன் வந்தது’ என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பழைய பஸ் ஸ்டாண்டு, ஏஜென்சி

தலைப்பு வெட்டியிருந்தால் அது விற்காத பிரதிங்க. ரிட்டன் கணக்குக்கு முழுப் பேப்பரையும் திருப்பி அனுப்பினால் பஸ் பார்சல் கூலி கட்டாது. தலைப்புப் பட்டையை மட்டும் வெட்டி, எண்ணிக் கட்டி அனுப்புவார்கள். பட்டைக்குப் பட்டை அலுவலகத்தில் கழித்துக்கொள்வார்கள். மிச்சப் பேப்பர் எடைக்குப் போகும். ஆக உங்கள் கையில் இருக்கும் கட்டு ஏதோ ஒரு ஊர் ஏஜென்டிடம் தேங்கியது. ஒரே தேதியில் ஏழெட்டுப் பிரதி இருக்கும், தேதிகளும் பெரும்பாலும் அடுத்தடுத்த வாரங்களாக இருக்கும். ஒன்றின் தேதி கிடைத்தால் மற்றதை எண்ணிக்கொள்ளலாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு விலை 2 ரூபாய், 1000 பிரதி என்று வையுங்கள். ஏஜென்டுக்குக் கழிவு 25 சதவீதம். 200 பிரதி ரிட்டன் போனால் 800 பிரதிக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 1200 ரூபாய். அதுவும் எல்லா ஏஜென்டும் ஒழுங்காகக் கட்டினால்தான். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி என்று நாலைந்து ஊரில் மூன்று மாத பாக்கி நின்றால் அடுத்த வாரத் தாள் வாங்கக் காசு இருக்காது. பல பத்திரிகை இந்தப் பாக்கியில்தான் நின்றது. வாசகன் கைவிட்டான் என்பதெல்லாம் அப்புறம் சொன்ன கதை.

செவ்வாய்பேட்டை, அச்சுக்கூடம்

முதலில் தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மறுபக்கம் மேடு தட்டினால் ஈய எழுத்து அச்சு. வழவழவென்று இருந்தால் ஆஃப்செட்.

அடுத்தது எழுத்து வடிவம். ‘லை’, ‘ணை’, ‘னை’, ‘ளை’ நாலும் யானைத் தும்பிக்கை போட்டு, ‘ணா’, ‘றா’, ‘னா’ கீழே சுழித்து ஒட்டி இருந்தால் பழைய வடிவம். தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978-ல். ஆனால் அதை வைத்து ‘1978-க்கு முன்னால்’ என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். புது எழுத்து வார்த்து வாங்கக் காசு வேண்டும். சின்ன அச்சகங்கள் பழைய எழுத்து தேயும்வரை அதையேதான் ஓட்டின. ஒரே பக்கத்தில் தலைப்பில் புது ‘லை’, செய்தியில் பழைய ‘லை’ என்று கலந்து வந்தால் அது பெரும்பாலும் 1978-ஐ ஒட்டியோ அதற்குப் பிந்தியோ இருக்கும்.

அளவைப் பாருங்கள். பெரும்பாலும் டெம்மி தாள், பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம். நடுவில் ஒரு மடிப்பு, நாலு பக்கம். பத்திக்கு 14 எம் (ஒரு எம் என்பது 12 பாயின்ட் அகலம்) வைத்தால், நாலு பத்தியும் இடையில் மூன்று சந்தும் சேர்த்து 59 எம், அதாவது 25 சென்டிமீட்டர். ஓரம் போகச் சரியாக உட்காரும். 12 பாயின்ட் எழுத்தில் பத்திக்கு 95 வரிக்கு மேல் ஏறாது. வரிக்கு மூன்று வார்த்தை வந்தால் பெரிது.

டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும்) மெஷின் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் வாங்கும். நாலு பக்கம், 1000 பிரதி என்றால் 4000 ஓட்டு. நல்ல கை இருந்தாலும் மணிக்கு ஆயிரத்தை ஒட்டித்தான் போகும். சிலிண்டர் மெஷின் இருந்தால் இரண்டு பக்கம் ஒரே பாரமாக, அதாவது ஒரே சட்டத்தில் பூட்டி ஏறும். முதலில் உள்பக்கம் 2, 3. அது காய்ந்த பிறகு வெளிப்பக்கம் 1, 4. அதனால் உள்பக்கச் செய்தி ஒரு நாள் பழசு: தொடர்கதை, கோயில் விழா, வாழ்த்துச் செய்தி. சூடானதெல்லாம் ஒன்றிலும் நாலிலும். மேட்டூர் நீர்மட்டம், லீ பஜார் சந்தை விலை, சினிமா விளம்பரம் நாலாம் பக்கத்தில் இருப்பதற்கு அழகு காரணமில்லை, பாரம் பூட்டும் நேரம்தான் காரணம். தேதி தேடுகிறவர்கள் உள்பக்கத்தை விட்டு நாலாம் பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

எழுத்துத் தட்டுப்பாடு தனிக் கூத்து. ‘க்’, ‘ம்’, ‘த்’, ‘து’ முதலில் தீரும். புள்ளியும் முதலில் உடைவது ‘க்’, ‘ம்’, ‘த்’ மூன்றில்தான். ‘பழக்கம்’ ‘பழககம்’ ஆகிவிடும், குற்றம் புரூஃப் பார்த்தவர் தலையில் விழும். தீர்ந்த இடத்தில் வேறு எழுத்தைத் தலைகீழாகச் செருகி வைப்பார்கள். புரூஃபில் அது கறுப்புக் கட்டையாகத் தெரியும். வேறு பக்கம் ஓடி முடிந்து எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகு, அங்கிருந்து எடுத்து இங்கே மாற்றுவார்கள். மாற்ற மறந்து அச்சேறியதும் உண்டு. உங்கள் கட்டில் வார்த்தை நடுவே சின்னக் கறுப்புச் சதுரம் பார்த்தால் அதுதான். அவசரத்தில் வாக்கியத்தையே மாற்றுவதும் உண்டு. ‘அமைச்சர் தெரிவித்தார்’ என்பது ‘அமைச்சர் சொன்னார்’ ஆகும். ஒரு ‘த்’, ‘தெ’, ‘வி’ மிச்சம்!

கோடையில் இன்னொரு வம்பு. பசையும் கிளிசரினும் காய்ச்சி வார்த்த ரோலர் சேலத்து வெயிலில் இளகிவிடும். இளகினால் மையை எழுத்தின் கண்ணில் அப்பும். ‘அ’வும் ‘ஆ’வும் உள்ளே அடைத்துக் கறுப்பாக இருக்கிற இதழ் சித்திரை, வைகாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான், சாட்சி இல்லை.

படத்தை வைத்து வருடம் சொல்லாதீர்கள். துத்தநாக பிளாக் (படம் அச்சிடும் தகடு) ஒரு தடவை செய்தால் பத்து வருடம் அதே முகம் வரும். தலைவர் கிழவரான பிறகும் பத்திரிகையில் வாலிபராகத்தான் இருப்பார்.

ஏற்காடு, நாகலூர் சாலை

மலைக்குப் போன கட்டுகளைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முதல் பஸ் கூரையில் வரும் கட்டு பனியில் நனையும். பிளாஸ்டிக் தாள் சுற்றாத காலத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு பிரதி வீண். விளிம்பில் அலை அலையாகப் பழுப்புக் கறை, மடிப்பில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி இருந்தால் மலைக்குப் போன பிரதி என்று நினைக்கலாம். மலைச்சாலையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி வரவேண்டும். அன்று பேப்பர் ஏற்காடு ஒண்டிக்கடைக்கு மத்தியானம்தான். நாகலூருக்கு மறுநாள்.

இங்கே வாரப் பத்திரிகை ஏன் செல்லாமல் போனது என்பதற்கு யாரும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. காபி போர்டு பூல் (போர்டே எல்லார் காபியையும் சேர்த்து விற்கும் முறை) இருந்தவரை காபி எல்லாம் அங்கேதான் போகும். விலை தினமும் துள்ளாது. வாரம் ஒருமுறை வரும் சேதி பழசாகாது. 1990-களின் நடுவில் விற்பனையைத் தோட்டக்காரரிடமே விட்டார்கள். பிறகு பார்ச்மென்ட், செர்ரி என்ற காபி வகைகளின் விலை காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்பார்களா, வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பார்களா? கீழே ஜவ்வரிசிக்காரர்களுக்கும் இதே கதைதான். 1981-ல் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது, விலை அங்கே ஏலத்திலேயே தெரிந்துவிடும்.

மலைப் பத்திரிகைக்கு வருடத்தில் ஒரே அறுவடை மே மாதம். கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா மலர். கட்டில் எட்டுப் பக்க இதழ் ஒன்று மட்டும் இருந்தால் அதைப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி, வக்கீல் குமாஸ்தா

விற்பனைக் காசில் மட்டும் ஓடாது என்று ஏஜென்சி அண்ணன் கணக்கே காட்டுகிறது. விளம்பரம்தான் ஓட்டியது. அதில் கெட்டியான வருமானம் கோர்ட் நோட்டீஸ். பிரதிவாதிக்குச் சம்மன் சார்பாகாவிட்டால் (கொண்டுபோய்க் கொடுக்க முடியாவிட்டால்) பத்திரிகை விளம்பரம் மூலம் சார்பு செய்வது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 5, விதி 20. 1976 திருத்தத்தில் அதற்குள் 1ஏ என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள்: விளம்பரம் வரும் பத்திரிகை, பிரதிவாதி கடைசியாக வசித்த பகுதியில் புழங்கும் நாளிதழாக இருக்கவேண்டும். ‘நாளிதழ்’ என்ற அந்த ஒரு சொல்லில் வாரப் பத்திரிகைக்குக் கோர்ட் வாசல் சாத்தியது. 1984-ல் நில எடுப்பு அறிவிப்புக்கும் இரண்டு நாளிதழ் என்றாகியது. 2002-ல் வந்த வங்கிக் கடன் வசூல் சட்டத்தின்படி சொத்து கைப்பற்றும் நோட்டீஸ் முன்னணிப் பத்திரிகை இரண்டில் வரவேண்டும், ஒன்று வட்டார மொழியில். அது பெரிய பத்திரிகைகளின் சேலம் பதிப்புக்குத்தான் போனது.

தேதி பார்க்கிறவர்களுக்கு: கோர்ட் நோட்டீஸில் வழக்கு எண்ணும் வருடமும் அடுத்த வாய்தாவும் கட்டாயம் இருக்கும். ‘அ.வ. 412/1973’ (அ.வ. என்றால் அசல் வழக்கு) என்றிருந்தால் பத்திரிகை 1973-க்கு முந்தியதாக இருக்க முடியாது. வாய்தா தேதிக்கு முன்னால் அச்சானது என்பதும் நிச்சயம், பிந்தி வந்தால் அந்த விளம்பரமே பயனில்லை.

ஓமலூர், சிறு பத்திரிகை வெளியீடு

கடைசிப் பக்க அடிவரியை யாரும் சொல்லவில்லையே! ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர், அச்சக முகவரி நாலும் அங்கே போட்டாகவேண்டும். அப்போதிருந்த 1867 சட்டம் அது. தலைப்பை வெட்டியவர் அடிவரியை வெட்டியிருக்க மாட்டார். பெயர் அங்கே கிடைக்கும்.

அடுத்து, உரிமையாளர் விவர அறிக்கை, நாலாம் நமூனா. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் போடவேண்டியிருந்தது. அந்தப் பெட்டி இருந்தால் இதழ் மார்ச் முதல் வாரம். கீழே கையெழுத்துத் தேதியோடு வருடமும் இருக்கும். கட்டில் இது ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய சட்டத்தில் ஒரு பொறி உண்டு. வாரப் பத்திரிகை மூன்று மாதத்தில் வரவேண்டிய இதழில் பாதிக்கும் குறைவாக வந்தால், பத்திரிகை நடத்த மாஜிஸ்திரேட் முன் கொடுத்த உறுதிமொழி காலாவதி. 13 வாரத்தில் ஆறு இதழ்தான் வந்தது என்றால் மறுபடி அவர் முன் போய் நிற்கவேண்டும். உரிமையாளர் இறந்தாலும் புது உறுதிமொழி. வாரிசுகள் அலைய மாட்டார்கள், பத்திரிகை அப்படியே படுத்துவிடும். 2024 மார்ச் 1 முதல் 2023-ம் வருடப் புதுச் சட்டம். பதிவு இணையத்திலேயே முடிகிறது. பதிவு எளிதான நேரத்தில் பதிய ஆளில்லை.

தபாலைப் பற்றியும். டெம்மி ஒரு தாள், 49 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 49 கிராம்) என்றால் பன்னிரண்டரை கிராம். எட்டுப் பக்கம் போட்டாலும் 25 கிராம். பதிவு பெற்ற பத்திரிகைக்கு 50 கிராம் வரை 25 காசு என்று இருந்தது. மலிவுதான். ஆனால் தபால் பதிவு எண் அச்சாகியிருக்கவேண்டும், குறித்த நாளில் குறித்த ஆபீசில் போடவேண்டும். மெஷின் மக்கர் செய்து நாள் தவறினால் சலுகை கிடையாது.

செவ்வாய்பேட்டை, அச்சுக்கூடம்

ஓமலூர்க்காரர் சொன்னது சரி. ஆனால் அடிவரியில் அச்சகப் பெயரைப் பார்த்து ‘இது அச்சகத்துப் பத்திரிகை’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே அச்சகத்தில் மூன்று கட்சிப் பத்திரிகை வேறுவேறு கிழமையில் ஓடியதெல்லாம் சகஜம். காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ நடத்திய காலத்திலிருந்து இங்கே பத்திரிகைக்குப் பின்னால் அரசியல் இருந்தது. ராஜாஜி மதுவிலக்குக்காகவே 1929-ல் ‘விமோசனம்’ நடத்திய திருச்செங்கோடும் அன்று சேலம் ஜில்லாதான்.

கோட்டை, பழைய ஆவணம் சேர்ப்பவர்

எல்லாரும் சொன்னதைச் சேர்த்து எல்லை கட்டலாம். விலை அணாவில் இருந்தால் 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்னாலோ. தர்மபுரியைத் தனி ஜில்லாவாகச் சொன்னால் 1965 அக்டோபருக்குப் பின். ‘மதராஸ் ராஜ்யம்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன். விளம்பர முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு என்றால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ‘சேலம் நகராட்சி’ என்றால் 1994-க்கு முன், நாமக்கல் தனி மாவட்டம் என்றால் 1997-க்குப் பின்.

இப்படி ஒரு பத்து வருடத்துக்குள் கொண்டுவந்த பிறகு நாலாம் பக்கப் பஞ்சாங்கப் பெட்டி. ‘ஆடி 18, வியாழன்’ என்று இருந்தால், பத்து வருடத்தில் அந்தத் தமிழ்த் தேதியும் கிழமையும் சேர்வது ஒன்றிரண்டு தடவைதான். கூடவே நட்சத்திரமும் திதியும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் ஒரே நாள் மிஞ்சும். பெட்டி கிழிந்திருந்தால் மேட்டூர் நீர்மட்டம். ‘காலை 8 மணிக்கு 97.4 அடி’ என்பதைக் கன்னிமாரா நூலகத்தில் அந்தந்த வருடத்துப் பெரிய நாளிதழோடு ஒத்துப் பாருங்கள். 1954 சட்டப்படி பத்திரிகைப் பிரதிகள் அங்கே போகவேண்டும் என்பதால் சின்னப் பத்திரிகையே கிடைத்தாலும் கிடைக்கும். அனுப்பாதவர்களே அதிகம்.

படம் எடுக்கிறவர்களுக்கு: ஒரு பக்கம் சுமார் 28க்கு 44 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் 3300க்கு 5200, அதாவது 17 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் போனில் முழுப் பக்கம் எடுத்தால் புள்ளி வைத்த எழுத்தும் வைக்காததும் ஒன்றாகத் தெரியலாம். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக எடுங்கள், நடுவில் நாலு வரி இரண்டிலும் வரட்டும். செல்லோடேப், லேமினேஷன் கூடாது. துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள், பின்பக்கம் கால்களை நிமிர்த்தி எடுங்கள்.

1990-களுக்குப் பிந்திய இதழ்களுக்குத் தாளே பரவாயில்லை. பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்பு இருக்கிறது என்று சிடியைக் கொடுப்பார்கள். அந்தக் காலத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு குறியாக்கம், எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சிடி வாங்கும்போதே எழுத்துருக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாப்பேட்டை

நன்றிங்க எல்லாருக்கும். கையிலிருக்கும் கட்டில் அடிவரி இருக்கிறது, பின்கோடு இருக்கிறது, ‘லை’ இரண்டு விதமாகவும் இருக்கிறது. நாலாம் நமூனா இன்னும் அகப்படவில்லை.

ஓமலூர், சிறு பத்திரிகை வெளியீடு

மூன்றாம் பக்கத்தில் அடிப் பத்தியைப் பாருங்கள், தம்பி. விளம்பரம் பிடிக்காத இடத்தில்தான் அதைத் தள்ளுவார்கள்.