மறு: 'வெட்டக்கூடாத மரம்' – ஆங்கில மோடல் வினைக்குத் தமிழில் என்ன பெயர்?

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் 'மோடல்' வினைக்கு (கேன், மே, மஸ்ட் போல, செய்யலாம், செய்ய வேண்டும், செய்யக்கூடும் என்ற பொருளைச் சேர்க்கும் ஆங்கிலத் துணைவினைக்கு) 'பாங்குத் துணைவினை', 'மனநிலை வினை' என்று இரண்டு சொற்கள் வந்துவிட்டன. 'ரிலேட்டிவ் கிளாஸ்' (பெயரை விவரிக்க 'ஹூ', 'விச்' போட்டுச் சேர்க்கும் ஆங்கிலத் தொடர்) என்பதற்கு 'உறவுத் தொடர்' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவற்றில் எதுவும் மனத்துக்கு ஒப்பவில்லை. காரணத்தை வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரம் படிவம் மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ரப்பர் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழில் எழுதச் சொன்னேன். அதில் 'டிரீஸ் விச் மஸ்ட் நாட் பி டேப்ட்' (பால் வெட்டக்கூடாத மரங்கள்) என்று வந்தது. ஒரு பிள்ளை 'வெட்ட வேண்டாத மரங்கள்' என்று எழுதியது. (தமிழ்நாட்டு அன்பர்களுக்காக: எங்கள் பக்கம் பால்மரம் 'வெட்டுவது' என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. அடியோடு விழுத்துவதைச் 'சாய்ப்பது' என்போம். கீழே வரும் எடுத்துக்காட்டுகளையெல்லாம் அப்படியே படியுங்கள்.)

பிள்ளையை அழைத்துப்போக வந்த பாட்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பால் வெட்டியவர். அவர் சொன்னது இது: "வேண்டாத மரம் வேற, கூடாத மரம் வேறம்மா. வேண்டாத மரத்த வெட்டினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கூடாத மரத்த வெட்டினா மரமே வீணாப் போயிரும். கங்காணி சும்மா விடமாட்டாரு."

ஆங்கில இலக்கண நூல்கள் 'மஸ்ட் நாட்' (கூடாது) வேறு, 'நீட் நாட்' (தேவையில்லை) வேறு என்று தனிப் பாடமே நடத்துகின்றன. மலாயிலும் 'தீடாக் போலே' (கூடாது), 'தீடாக் பெர்லு' (தேவையில்லை) இரண்டும் ஒன்றல்ல. பாட்டிக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை.

பிள்ளை எழுதியதும் கவனக்குறைவால் வந்த பிழை இல்லை. 'அந்த மரத்தை வெட்ட வேண்டாம்' என்று முற்றாக, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினையாகச் சொன்னால் அது தடைதான். 'வெட்டாதே' என்பதன் மென்மையான வடிவம். அதே சொல்லை மரத்துக்கு முன்னால் எச்சமாக வைத்து 'வெட்ட வேண்டாத மரம்' என்றால் தடை போய்விடுகிறது, 'தேவையில்லை' மட்டும் மிஞ்சுகிறது. முற்றில் இருந்த பொருள் எச்சத்தில் இல்லை. இந்த இழையில் நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த இடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். மோடல் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பெயர்த்து வைத்தால் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெயரில்லாமலேயே கிடக்கும்.

ஆங்கிலத்தில் கேன், மே, மஸ்ட், ஷுட் முதலியவற்றுக்கு எச்ச வடிவமே கிடையாது. 'ஸ்டாண்ட்' என்பதிலிருந்து 'ஸ்டாண்டிங்' வரும். 'மஸ்ட்' என்பதிலிருந்து 'மஸ்டிங்' வராது. 'அங்கே நிற்கும் ஆள்' என்பதை அவர்கள் 'ஹூ' இல்லாமல் 'தி மேன் ஸ்டாண்டிங் தேர்' என்று சுருக்கிவிடலாம். 'அங்கே நிற்க வேண்டிய ஆள்' என்பதை மஸ்ட் கொண்டு சொல்வதென்றால் 'ஹூ மஸ்ட்' என்று முழு வாக்கியமாகத்தான் விரித்தாக வேண்டும். நம் கதை தலைகீழ். வேண்டும், கூடும், முடியும், தகும் எல்லாம் வேண்டிய, கூடிய, முடிந்த, தக்க என்று எச்சமாகி, பெயரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அவர்களிடம் முற்றாகவே நிற்பது நம்மிடம் எச்சமாக நிற்கிறது.

அதனால்தான் 'உறவுத் தொடர்' வேண்டாம் என்கிறேன். உறவு காட்டும் 'ஹூ', 'விச்' போன்ற சொல் நம் தொடரில் இல்லை. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்ற ஆறுக்கும் பெயரெச்சம் ஒன்றே போதும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. வெட்டக்கூடாத மரம், வெட்டக்கூடாத நாள் (மழை பெய்து பட்டை நனைந்த நாள்), வெட்டக்கூடாத கத்தி என்று மூன்றுக்கும் நமக்கு எச்சம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் விச், வென், வித் விச் என்று மூன்று வேண்டும். பெயரெச்சம் என்ற பெயர் கையில் இருக்க, உறவுத் தொடர் எதற்கு?

இனி மோடல். அந்தச் சொல்லில் ஆங்கிலத்தார் இரண்டு பொருளை அடக்குகிறார்கள். கடமை, தடை, அனுமதி ஒரு பக்கம். நடக்குமா நடக்காதா என்ற கணிப்பு இன்னொரு பக்கம். 'யூ மஸ்ட் கோ' என்பது கட்டளை. 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்பது ஊகம். மஸ்ட் ஒன்றுதான். நம் 'கூடு' என்பதும் அப்படியே. எங்களுக்குப் பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அது யாரும் சாய்க்கக்கூடாத மரம். அந்த வயதில், ஒரு பெருங்காற்றில் சாய்ந்துவிடக்கூடிய மரமும்கூட. முதல் 'கூடு' விதி, இரண்டாம் 'கூடு' கணிப்பு.

நாம் வைக்கும் பெயர் இரண்டையும் தாங்க வேண்டும். 'மனநிலை வினை' என்றால் பேசுகிறவரின் மனத்தோடு நின்றுவிடுகிறது. மரத்தை வெட்டக்கூடாது என்பது யாருடைய மனநிலையும் அல்ல. 'பாங்கு' என்றால் பிள்ளைகள் விதம், தோரணை என்றே புரிந்துகொள்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் முன்மொழிவு: தகவு. மோடல் வினைக்குத் தகவுத் துணைவினை. அது பெயருக்கு முன்னால் எச்சமாக நிற்கும்போது தகவெச்சம்.

தகும், தகாது என்பவை செய்ய உரியது, செய்யக்கூடாதது என்ற முதற்பொருளைத் தருகின்றன. இரண்டாம் பொருளான கணிப்பை, கணிதத்தில் 'நிகழ்தகவு' என்ற கலைச்சொல்லை ஆக்கியவர்கள் தகவின் மேல் ஏற்றி, அது நிலைத்தும் விட்டது. கடமையையும் வாய்ப்பையும் சேர்த்துச் சுமக்கும் சொல் தமிழில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக அடித்துத் திருத்த வேண்டியதில்லை.

கோவை ஐயா நேற்றைய மடலில் 'தகவு என்றால் தகவல் என்று மயங்குவார்களே' என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான் ஐயா. இந்த மடலைத் தட்டும்போதே கைப்பேசி இரண்டு முறை 'தகவல்' என்று மாற்றிவிட்டது. ஆனாலும் தகவமைப்பு, நிகழ்தகவு என்று படிக்கும் பிள்ளை அங்கே மயங்குவதில்லை. கூட்டுச் சொல்லாக வரும்போது மயக்கம் தீர்ந்துவிடுகிறது. தனியே 'தகவு வினை' என்று எழுதாமல் எப்போதும் 'தகவுத் துணைவினை' என்றே எழுதுவோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எச்சங்கள் எந்தக் காலத்தைக் காட்டுகின்றன என்று ஈப்போ ஆசிரியை அம்மா கேட்டது நல்ல கேள்வி. வேண்டிய, கூடிய இரண்டும் பார்வைக்கு இறந்தகால எச்சம். ஆனால் 'நாளைக்கு வெட்ட வேண்டிய நிரை' (மரவரிசை) என்கிறோம், யாருக்கும் இடறவில்லை. தகவெச்சத்தில் இறந்தகால உருவம் காலத்தைக் காட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் ஷுட், குட், மைட் எல்லாம் பழைய இறந்தகால உருவங்களே. இன்று 'ஷுட்' என்பதைக் கேட்டு யாரும் நேற்றை நினைப்பதில்லை. நமக்கு நேற்றைச் சொல்ல வேண்டுமானால் 'வெட்ட வேண்டியிருந்த', தவறவிட்டதைச் சொல்ல 'வெட்டியிருக்க வேண்டிய' என்று இன்னும் ஒரு வினையைச் சேர்க்கிறோம். இதைத் தகவெச்சத்தின் இலக்கணமாகவே எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

தோட்டத்தில் இந்தப் பிரிவினை ஏட்டுக்காக வந்ததில்லை. ஐந்தாறு ஆண்டு வளர்ந்து, அடிமரம் சுமார் 45 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் அது வெட்டக்கூடிய மரம். அதில் இன்றைக்கு முறை வந்திருப்பது வெட்ட வேண்டிய மரம். பட்டை காய்ந்து பால் வராமல் ஓய்வில் விட்டிருப்பது வெட்டக்கூடாத மரம். நேற்றுத்தான் வெட்டியாயிற்று, இன்று விடுமுறை என்றால் வெட்ட வேண்டாத மரம். விடியற்காலை பெரட்டில் (வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்தும் இடத்தில்) நின்றவர்களுக்கு இந்த நான்கும் வேலை. செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபின் மரம் மாறியது, சொற்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன.

எனக்கு விடை கிடைக்காத ஒன்று உண்டு. 'வெட்டலாம்' என்பதற்கு எச்சம் இல்லை. 'வெட்டலாம் மரம்' என்று யாரும் சொல்வதில்லை. அனுமதிப் பொருளில் 'மே' வந்தால், 'உள்ளே வரலாம்' என்று சொல்லப்பட்டவர்களை எப்படி எழுதுவது? 'உள்ளே வரக்கூடிய ஆட்கள்' என்றால் வந்தாலும் வரலாம் என்ற கணிப்பாகவும் படிக்கிறது. இப்போதைக்கு 'வர அனுமதி உள்ள' என்று சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் அது தகவெச்சம் இல்லை. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பேச்சில் இதற்கு வேறு வழி இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

சனிக்கிழமை வகுப்புத் தாளில் 'தகவெச்சம்' என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். முதல் எடுத்துக்காட்டு பாட்டியின் கூடாத மரமும் வேண்டாத மரமும். 'லாம்' வரிசைக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து