மறுமொழி: ‘ஹியூமிட் ஹைட்’டுக்குப் ‘புழுக்கவளை’ எனலாமா?

வணக்கம்.

ஆமை வளர்ப்புத் துண்டறிக்கைக்கான சொற்பட்டியலில் ‘ஹியூமிட் ஹைட்’, அதாவது ஆமை ஒதுங்கிக்கொள்ள, உள்ளே காற்று ஈரமாக நிற்கும்படி செய்து வைக்கும் மறைவிடம், இன்னும் இழுபறியாகவே இருக்கிறது. பாலக்கோட்டு ஆசிரியர் ஐயா ‘ஈரப்பதக் குடில்’ என்றார், அரூர்த் தம்பி ‘ஈரப்பொந்து’ என்றார். இரண்டிலும் முதலில் நிற்கும் ‘ஈரம்’தான் எனக்கு இடிக்கிறது.

ஐயா, ஈரப்பதம் என்ற சொல் நம் மாவட்டங்களில் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். விவசாயிக்கு அது மண்ணில் இருப்பது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பார்ப்பது. வானிலைச் செய்தியில் மட்டும்தான் அது காற்றில் இருக்கிறது. ஆகவே ‘குட்டி ஆமைக்கு 80 சதவீத ஈரப்பதம் வேண்டும்’ என்று எழுதினால், படிப்பவர் கை நேராகத் தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும்.

அப்படிப் போனதைப் பார்த்தேன். ஓசூரில் ஒரு வீட்டில் சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க ஆமைக்குக் கொல்லையில் செங்கல் தளம் போட்டு, காலையும் மாலையும் நனைத்துவிட்டார்கள். கார்த்திகை மாதம், வெயிலே இல்லை. ஆமையைத் தூக்கிப் பார்த்தபோது வயிற்றுப் பக்க ஓட்டில், பின்னங்காலுக்கு அருகே, வெள்ளையாக மாவு பூத்தது போல ஒரு திட்டு. நகத்தால் தொட்டால் அமுங்கியது, நாற்றம் வந்தது. ஓட்டழுகல். அக்கறையாக வளர்த்தவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்த சொல் அப்படி.

சுல்காட்டாவின் ஊர் சஹாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து சூடான் வரை போகும் வறண்ட பட்டை. ‘பாலைவன ஆமைக்கு எதற்கு ஈரக்காற்று’ என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அது வெயில் நேரத்தில் தோண்டிய வளைக்குள் கிடக்கும். மேலே காற்று காய்ந்திருந்தாலும் வளைக்குள் காற்றில் நீர்ப்பதம் நிற்கும், ஓரளவு ஒரே சூடும் இருக்கும். குட்டியின் ஓடு வளர்வது பெரும்பாலும் அந்தக் காற்றில்தான். அந்த வளையின் நகலைத்தான் நாம் வளர்ப்பிடத்தில் செய்து வைக்கிறோம். ஆகவே ‘குடில்’ வேண்டாம், ‘பொந்து’ம் வேண்டாம். எலி வளை, நண்டு வளை என்கிறோமே, அந்த ‘வளை’யே பொருத்தம்.

முன்னொட்டுக்கு என் முன்மொழிவு ‘புழுக்கம்’. மழைக்கு முன்னால் காற்று அசையாமல், தரை காய்ந்தே இருக்க, உடம்பெல்லாம் கசகசக்குமே, அதுதான் நமக்குப் புழுக்கம். சூடும் காற்றின் நீர்ப்பதமும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன, தரை ஈரம் இல்லை. ஆமைக்கு வேண்டியதும் அதேதான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஓதம்’ என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்கிறோம். குளிர்ந்த, காயாத, தரையோடு கிடக்கும் ஈரம் அது. ஆமைக்கு மூக்கில் குமிழி வருவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், ஓடு அழுகுவதும் ஓதத்தால்தான். இரண்டையும் அறிக்கையில் எதிரெதிராக வைக்கலாம்: புழுக்கவளை வேண்டும், ஓதத்தரை கூடாது.

‘மனப்புழுக்கம் நினைவுக்கு வருகிறதே’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். வளையோடு சேர்ந்து வரும்போது அந்த நினைப்பு வராது என்றே எண்ணுகிறேன். புழுக்கத்தை அளக்க முடியாதே என்றால், அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘ஒப்பு ஈரப்பதம்’ என்று போட்டு, ஈரமானியைப் பார்க்கச் சொல்லுவோம்.

செய்முறையையும் எழுதியாக வேண்டும். கவிழ்த்த தொட்டி, ஆமை நுழையும் அளவுக்கு ஒரு வாசல், உள்ளே தேங்காய் நார்க்கழிவு. நார்க்கழிவின் பதம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. தொட்டிக்கு அடியில் மேடை போட்டுவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே புகாது. தருமபுரிச் சித்திரை வெயிலில் நார்க்கழிவு சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும். ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐப்பசி தொடங்கித் தை வரை இரவில் சூடு கொடுக்காமல் நார்க்கழிவை நனைத்தால், புழுக்கவளை ஓதவளை ஆகிவிடும்.

அடுத்தது ‘பிளாஸ்ட்ரான்’, அதாவது ஆமையின் வயிற்றுப் பக்க ஓடு. பட்டியலில் இருக்கும் ‘அடியோடு’ வேண்டவே வேண்டாம். ‘அடியோடு அழுகிவிட்டது’ என்றால் ஆமையே போய்விட்டது என்று படிப்பார்கள். ‘வயிற்றோடு’ என்றாலும் ‘வயிற்றுடன்’ என்றே காதில் விழும். ‘கீழ் ஓடு’, ‘மேல் ஓடு’ என்று இடம் விட்டு எழுதுவோம். வேற்றுமை ஏறும்போது ‘கீழ் ஓட்டில்’ என்று சிக்கல் இல்லாமல் வரும்.

ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாக எழும்பும் ‘பிரமிடிங்’ என்பதற்குப் ‘பிரமிடு நோய்’ என்ற முன்மொழிவையும் நான் ஏற்கவில்லை. நோய் என்றால் மருந்து தேடுவார்கள். ‘கூம்பல்’ என்றால் தாமரை கூம்புகிறது. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக மேலெழும்புவதற்கு ‘மேடுதட்டல்’ போதும், வாய்க்கால் மேடுதட்டிப் போச்சு என்று தினமும் சொல்கிற சொல்தான். புரதம் மிகுந்த தீனிதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சுல்காட்டாக் குட்டிகளை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வில் காற்றின் வறட்சியே பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறிது என்று தெரிந்தது. தட்டிய மேடு பிறகு இறங்காது. புதிதாக வளரும் ஓரம்தான் சமமாக வரும்.

நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே ஓடு கொஞ்சம் மேடுதான், அதை மேடுதட்டல் என்று சொல்லக்கூடாது. அதோடு அந்த ஆமையை வீட்டில் வளர்ப்பதே குற்றம், 2022 திருத்தத்துக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இந்த இரண்டையும் அறிக்கையின் முதல் வரிகளாகவே போட்டுவிடுவோம்.

‘பாஸ்கிங்’குக்குத் தம்பி அனுப்பிய ‘கதிர்க்குளியல்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வெயில் காய்தல்’ என்று நம்மிடம் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம். புழுக்கவளைக்கு மறுப்பு இருந்தால் ஐயா எழுதுங்கள், அச்சுக்குக் கொடுப்பதற்குள் பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து