குடியை விட்டவருக்குப் பொன்னாடை போர்த்தினதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாம்பன் பையன்:
எங்க மச்சானை (அக்கா வீட்டுக்காரர்) போன திருவிழாவுல மேடையேத்தி, "குடியை ஜெயிச்ச மனுஷன்"னு மைக்ல சொல்லிப் பொன்னாடை போத்துனாங்க. ஊரே கை தட்டுச்சு. இந்த மீன்பிடித் தடைக்காலம் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள், போட்டு கரையில, வட்டிக்காரர் வாசல்ல. ஒரு ராத்திரி டார்ச் எடுக்க வலைக்கொட்டாய்க்குப் போனேன். மச்சான் வலைக் குவியலுக்குப் பின்னால குந்தியிருக்காரு. என்னைப் பாத்ததும் குவாட்டர் பாட்டிலை மூடப் பாக்குறாரு, மூடி மரைக்குள்ள உக்காரவே மாட்டேங்குது. கை அப்படி ஆடுது. மூடி மணல்ல விழுந்துருச்சு, ரெண்டு பேரும் தடவித் தேடுறோம். அப்பச் சொன்னாரு: "எல்லாரும் கை தட்டிட்டீங்களே மாப்ள, இப்ப யார்ட்டப் போயி சொல்லச் சொல்ற?"

அவரு குடிச்சது எனக்குப் பெருசாப் படல. முன்னெல்லாம் கடைத்தெருவுல பகிரங்கமாக் குடிப்பாரு. இப்ப ஒளியுறாரு. வேற யாருக்காச்சும் இப்படி நடந்திருக்கா?

கீழக்கரைக்காரி:
நான் குடியைப் பத்தி எழுத வரல, ஆனா கதை ஒண்ணுதான். எனக்குச் சாப்பாட்டு நோய். சாப்பிடுறது, பாத்ரூம் போயி வாந்தி எடுக்குறது, இப்படியே காலேஜ் முழுக்க. மெலிஞ்சப்ப கல்யாண வீட்டுல எல்லாரும் "மாஷா அல்லாஹ், என்ன டயட்டு?"ன்னு கேட்டாங்க, வியாதின்னு ஒருத்தருக்கும் தோணல. ராம்நாட்ல பல் டாக்டர்தான் முன்பல்லோட உள்பக்கத்தைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டு, "அடிக்கடி வாந்தி எடுக்குறியாம்மா?"ன்னு கேட்டாங்க.

வைத்தியம் பாத்துக் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சேன். அந்தப் பெருநாளைக்கு ஒரு மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் நல்லாத் தேறிட்டே, சதை பிடிச்சிருக்கு"ன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க. கையில தொதல் (அல்வா மாதிரி இனிப்பு) வச்சிருந்தேன். விரலெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, வாயில வைக்க முடியல, துடைக்கவும் முடியல. அன்னிக்கு ராத்திரி மறுபடி பாத்ரூம். உம்மாகிட்ட மூச்சு விடல, ஏன்னா உம்மா ஏற்கெனவே சொந்தமெல்லாம் கூப்பிட்டு "புள்ளைக்குச் சரியாப் போச்சு"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க.

தொண்டிக்காரர்:
பாம்பன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. மனசுல உறுதி இல்லாதவனுக்கு ஊரு கை தட்டுனதுதான் சாக்கா? எங்க அத்தா அம்பது வருசம் பீடி குடிச்சாரு. ஹஜ்ஜுக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் கட்டோட கடல்ல வீசுனாரு. மௌத்தாகுற வரைக்கும் தொடல. டாக்டரும் இல்ல, மாத்திரையும் இல்ல. நாலு பேரு முன்னால சத்தியம் பண்ணுனாத்தான் மனுசனுக்கு ஒரு பயம் இருக்கும். அந்தத் தங்கச்சி விஷயம் எனக்கு வெளங்கல, பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே.

கீழக்கரைக்காரி:
வெளங்கலன்னா விட்டுருங்க காக்கா (அண்ணே).

மண்டபம் சிஸ்டர்:
தொண்டி அண்ணே, பீடியை ஒரே நாள்ல விட்டா எரிச்சல் வரும், தூக்கம் கெடும், உயிர் போகாது. தினமும் நிறையக் குடிக்கிறவர் அப்படிச் சட்டுனு விட்டா உயிரே போகலாம். ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.

நான் நர்ஸ். 2020 ஊரடங்குல டாஸ்மாக் மூடுனப்ப ஒரு அண்ணனைக் கொண்டாந்தாங்க. மூணு நாளாக் குடிக்கல. பெட்டுல நிமிந்து உக்காந்து வலை பின்னிக்கிட்டிருந்தாரு. கையில ஊசியும் இல்ல, நூலும் இல்ல. கண்ணி எண்ணுறாரு, முடிச்சு போட்டு இழுத்துப் பாக்குறாரு, அறுந்த இடத்தைப் பல்லால கடிக்கிறாரு. அவரு சம்சாரத்துக்குப் பயம், "பேய் பிடிச்சிருக்கு, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருவோமா"ன்னு கேக்குது. அது பேயில்ல, குடியை நிறுத்துனதால வர்ற குழப்பம்.

கேக்காட்டியும் சொல்றேன், யாருக்காவது உதவும். கடைசியாக் குடிச்ச சில மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும். ரெண்டு நாளைக்குள்ள பிட்ஸ் (வலிப்பு) வரலாம். ரெண்டு மூணு நாள்ல இந்த மாதிரி ஆள் தெரியாத குழப்பம். அதனால தினசரி குடிக்கிறவருக்கு மந்திரிச்ச கயிறு கட்டிவிட்டோ, மாலை போட வச்சோ, ரூம்ல பூட்டியோ திடீர்னு நிறுத்தாதீங்க. கயிறு தாராளமாக் கட்டுங்க, ஆனா டாக்டரைப் பாத்துட்டுக் கட்டுங்க. நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கு. வைட்டமின் பி1 ஊசி கட்டாயம் போடுவாங்க, அது இல்லாட்டி மூளை கெட்டு ஞாபகமே போயிரலாம். இன்னொண்ணு, குடியை நிறுத்தச் சாம்பார்ல தெரியாமக் கலந்து குடுக்குற மாத்திரை. அது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அது உள்ள இருக்குறது தெரியாமக் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிபி இறங்கி ஆளே போயிரலாம். சம்மதிச்சுச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

மறுபடி குடிக்கிறதும் இந்த வியாதியில சேந்ததுதான். சுகர் ஏறிப்போனா "உறுதி இல்லாதவன்"னு திட்டுறோமா, டோஸை மாத்துறோமா? வெட்கமில்லாமத் திரும்பி வர்ற ஆளைக் காப்பாத்திரலாம் அண்ணே. ஒளியுற ஆளைத்தான் பிட்ஸோட தூக்கிட்டு வர்றாங்க.

ஏர்வாடி வாசி:
சிஸ்டர், எங்க ஊரை இழுக்காம உங்களுக்குப் பேச வராதா? 2001 ஆகஸ்ட் 6ல தீப்பிடிச்சது தனியார் மனநலக் காப்பகத்துல, தர்காவுல இல்ல. சங்கிலியோட 28 பேர் கருகுனாங்க. நான் அப்ப சின்னப் பையன், அந்த வாடை இன்னும் மூக்குல இருக்கு. அவங்களைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனது யாரு? சொந்த வீட்டு ஆளுங்கதான். இப்ப தர்காகிட்டயே அரசு மனநல டாக்டர் பாக்குறாங்க. துவாவும் ஓதுறோம், மருந்தும் குடுக்குறாங்க. வந்து பாத்துட்டு எழுதுங்க.

மண்டபம் சிஸ்டர்:
குறை சொல்லல தம்பி, அந்தம்மா சொன்னதைச் சொன்னேன். அங்க டாக்டர் இருக்காங்கன்னு நீங்க எழுதுனது நல்லதாப் போச்சு.

தங்கச்சிமடத்தாள்:
எங்க வீட்டுக்காரரு விசைப்படகு. வாரத்துல மூணு நாள்தான் தொழில், பங்குப் பணம் கையில வந்த ராத்திரிதான் கண்டம். முன்ன தினமும் குடிச்சாரு. இப்ப எப்பவாச்சும் தவறுறாரு, மறுநாளே மாத்திரை வாங்க அவராவே பஸ் ஏறுறாரு. ஊர்க்கணக்குல அவரு இன்னமும் குடிகாரருதான். என் கணக்குல பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சு, நகை அடகுக் கடையிலேர்ந்து திரும்பியாச்சு. தவக்காலத்துல சாமியார் "எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லுங்க"ன்னு கேட்டாரு. வேணாம் சாமின்னு நான்தான் மறிச்சேன். பாம்பன் தம்பி, உங்க அக்காவுக்கு இது தெரியுமா? முதல்ல மச்சானைவிட்டே அவங்ககிட்டச் சொல்ல வைங்க. மேடையைப் பத்தி அப்புறம் பாக்கலாம்.

தொண்டிக்காரர்:
எங்க அத்தா பீடியை வீசுனது நெசம். அதுல நான் மாற மாட்டேன். ஆனா சிஸ்டர், எங்க சின்னத்தா மவன் நேத்துலேர்ந்து குடிக்கலைங்கிறான், வேர்த்துக் கொட்டுது, கை ஆடுது. என்ன செய்ய?

மண்டபம் சிஸ்டர்:
இப்பவே ஆஸ்பத்திரிக்கு அண்ணே. காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க. 108 கூப்பிடுங்க. எத்தனை நாளா, எவ்வளவு குடிச்சான்னு டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க. ராத்திரி யார்ட்டயாவது பேசணும்னா 14416, மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

கீழக்கரைத் தங்கச்சி, உங்களுக்கும் ஒண்ணு. வாந்தி எடுத்தவுடனே பல் தேய்க்காதீங்க, அமிலத்தோட சேந்து எனாமல் இன்னும் தேயும். வெறும் தண்ணியில கொப்பளிங்க. ரத்தத்துல பொட்டாசியமும் பாத்துருங்க, அது இறங்குனா இதயத் துடிப்பு தாறுமாறாகும். நோன்பு வருதுன்னா டாக்டரைக் கேட்டுக்கங்க, நோயாளிக்கு விலக்கு இருக்குன்னு என்னைவிட உங்களுக்கே நல்லாத் தெரியும்.

கீழக்கரைக்காரி:
பொட்டாசியம் இதுவரைக்கும் யாரும் பாக்கச் சொல்லல சிஸ்டர். அது வெறும் வயித்துலதான் எடுக்கணுமா?

மண்டபம் சிஸ்டர்:
தேவையில்ல. சாப்பிட்டுட்டே போங்க.