கோல் காவலராக இருந்த பெண் முழு அணிக்கும் பயிற்சியாளராக முடியுமா?

பாளைக் கையுறை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையைச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்பு தொடங்கிக் கல்லூரி முடியும்வரை பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பராக நின்றேன். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதோடு ஆட்டம் நின்றது. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்துவிட்டு, இப்போது மாலை வேளைகளில் இருபது சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அண்மையில் ஓர் அணிக்குப் பயிற்சியாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, "கோல்கீப்பருக்குக் கையால் பிடிக்கத்தானே தெரியும், வேண்டுமானால் கோல்கீப்பர்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை உண்டா? இந்த வழியில் போய் நிலைத்த பெண்கள் யாரேனும் இருக்கிறார்களா?

மேலப்பாளையம் ரசிகன் எழுதியது:

தங்கச்சி, நதீன் ஆங்கரரின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். ஜெர்மனி அணிக்கு 1996-இல் வந்தவர், சில்கே ரோட்டன்பெர்க் முதல் கோல்கீப்பராக இருந்ததால் பத்தாண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காத்திருந்தார். 2007 உலகக் கோப்பையில்தான் வலை அவர் பொறுப்புக்கு வந்தது. ஆறு ஆட்டங்கள், 540 நிமிடங்கள், ஒரு கோல்கூட விழவில்லை; ஷாங்காயில் நடந்த இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்தார். 2013 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் நார்வேயின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, 1-0 என்று கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற ஃபிஃபா விருதும் அவருக்கே கிடைத்தது. ஆண், பெண் இருபாலிலும் அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான்.

2015-இல் 146 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வுபெற்றவர், அதற்கு அடுத்த ஆண்டே, தாம் ஆடிய அமெரிக்காவின் போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பினார். அங்கே அவரிடம் பயின்ற ஏட்ரியானா ஃபிரான்ச் 2017, 2018 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டு லீகின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். பின்னர் ஆங்கரர் சுவிட்சர்லாந்து தேசிய அணிக்குப் போனார். ரோட்டன்பெர்க்கும் ஜெர்மனியின் இளையோர் அணிகளுக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளரானார் என்பதையும் கவனியுங்கள். ஒருவர் ஆடினார், மற்றவர் அமர்ந்து பார்த்தார். பார்த்தவருக்கும் அது படிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அம்பை வாத்தியார் எழுதியது:

மேலே சொன்ன இருவரும் கோல்கீப்பர்களுக்கான பயிற்சியாளர்கள்தாமே, அண்ணாச்சி? அம்மாவின் கேள்வி முழு அணியைப் பற்றியது. அதற்கு ஆண்கள் ஆட்டத்தில் சான்றுகள் உண்டு: கோல்கீப்பராக ஆடிய டினோ சோஃப் பயிற்சியாளராகி இத்தாலியை 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார், இங்கிலாந்தில் பெரிய அணிகளைப் பயிற்றுவித்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவும் கோல்கீப்பராக இருந்தவர்தான்.

ஆனால் உங்களை அனுப்பிவிட்டவர்கள் மரியாதையில்லாமல் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது என்பதே, முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை விளையாட வைத்த என் கருத்து. கோல்கீப்பர் எல்லோருடைய முதுகையும் பார்த்து வளர்ந்தவர். தற்காப்பு வரிசை எப்போது முன்னேற வேண்டும், யார் யாரை விட்டுவிட்டார்கள் என்பதை அவரைப்போல் சொல்ல ஆளில்லை. எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, இருவர் நெருக்கும்போது பந்தை வாங்குகிற பெண்ணின் அவசரம் அவருக்கு உடம்பில் பதிந்திருக்காது. அதைக் கற்றுக்கொண்டால் போதும். முழங்கால் அனுமதித்தால், சிறுமிகளின் ஐந்துபேர் ஆட்டத்தில் நீங்களே நடுக்களத்தில் இறங்குங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் 'டி' உரிமம் எடுத்து, 'சி', 'பி' என்று போங்கள். கோல்கீப்பர் பயிற்சிக்கென்று தனி உரிமம் உண்டு, ஆனால் அதை மட்டும் எடுத்து நிறுத்திவிட்டால் அவர்கள் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பாளைக் கையுறை எழுதியது:

நன்றி, ஐயா. கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் பிடிக்கத்தான் தெரியும் என்றதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தென்காசி அக்கா எழுதியது:

ஏற்கவே வேண்டாம். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992-இல் வந்தது முதல், கால் பழகாத கோல்கீப்பருக்கு வேலையே இல்லை. 2019 முதல், கோல் கிக் (எதிரணியிடமிருந்து கோல்கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கோல் முன்னிருந்து திரும்ப உதைப்பது) அடித்த பந்து, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி எல்லையைத் தாண்டும்வரை காத்திராமல், சக ஆட்டக்காரர் உள்ளேயே வாங்கலாம். நம் ஊருக்கென்றே செய்த விதி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை எதிர்த்து உயரமாக உதைத்தால், பந்து நடுக்கோட்டைக்கூடத் தொடாமல் தொங்கி, எதிரணிக்காரியின் காலிலேயே விழும். அந்த இரண்டு மாதமும் எங்கள் பிள்ளைகளைத் தரையோடு குறுகிய பாஸ் கொடுத்தே ஆட்டத்தைத் தொடங்கப் பழக்குகிறேன்; தாக்குதலின் முதல் உதை கோல்கீப்பருடையதாகிவிடுகிறது. நானும் கோல்கீப்பராக நின்றவள்தான்.

உங்கள் இருபது பேரில் கோல்கீப்பர்கள் எத்தனை பேர்? இருவருக்கு மேல் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்து வாருங்கள். எங்கள் தரை கட்டாந்தரை, முழங்கைக்கு உறை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.