பயோ வாஷ் என்றால் என்ன?

செல்வி, 7:42
அண்ணா, பாப்பாவுக்கு வாங்கிய இரண்டு பனியனில் ஒன்று நாலு துவையலிலேயே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டிவிட்டது. இன்னொன்று புதுசு மாதிரியே இருக்கிறது. அதில் 'பயோ வாஷ்' என்று போட்டிருக்கிறது. ஏதாவது ஆசிட்டா? குழந்தைக்கு ஆகுமா?

முருகேசன், 7:50
ஆசிட் இல்லை, என்சைம் செல்வி, அதாவது நொதி. பேர் செல்லுலேஸ். பஞ்சில் 90 சதவீதம் செல்லுலோஸ்தான். துணிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி இழைகளை இது அரித்துவிடும். மெஷின் சுற்றுகிற உரசலில் அவை உதிரும். அப்புறம் நன்றாக அலசிவிடுவோம். தாராளமாகப் போடு.

கவின், 7:58
அத்தை, செல்லுலேஸ் ஒரே நொதி இல்லை, ஒரு குடும்பம். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரிக்கும். சோற்றில் இருப்பதும் குளுக்கோஸ்தான், ஆனால் மணிகள் கோத்த விதம் வேறு. அதனால்தான் வைக்கோல் நமக்குச் செரிக்காது.

அப்பத்தா, 8:03
மாட்டுக்குச் செரிக்கிறதே கண்ணு?

கவின், 8:04
மாட்டுக்கும் சொந்தமாக இல்லை அப்பத்தா. முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த நொதிகளைச் சுரக்கின்றன.

செல்வி, 8:06
அப்படியென்றால் துணியையே தின்றுவிடாதா?

முருகேசன், 8:15
தின்னும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாட்டைக் கெடுத்திருக்கிறேன். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். 5, சூடு 55 டிகிரி, ஒரு மணி நேரம் என்பது கணக்கு. முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றி என்சைமைச் சாகடிக்க வேண்டும். நான் ஏற்றாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் துணி எடை குறைந்து, கையால் இழுத்தாலே கிழிந்தது. அன்றிலிருந்து அந்தச் சூடு ஏறும்வரை மெஷினை விட்டு நகர்வதில்லை.

கவின், 8:21
இரண்டாம் உலகப் போரிலும் இதுதான் நடந்தது அப்பா. சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களெல்லாம் மட்கிப்போயின. அங்கே பிடித்த ஒரு பூஞ்சையைத்தான் எல்வின் ரீஸ் என்பவரின் குழு ஆராய்ந்தது. டிரைக்கோடெர்மா ரீசி என்ற அதன் பெயரே அவரால் வந்தது. இன்றைக்கும் செல்லுலேஸ் தயாரிக்க அந்த வம்சத்தை வளர்க்கிறார்கள்.

செல்வி, 8:24
பிசிறு கட்டியதை இப்போது பார்த்தேன். பாதி பாலியஸ்டர்.

முருகேசன், 8:26
பாலியஸ்டரை இது தொடாது. அடுத்த முறை முழுப் பருத்தி பார்த்து வாங்கு. இல்லை, பாப்பா அளவு சொல், ஞாயிறு வரும்போது எடுத்து வருகிறேன்.