குவாத்தமாலா மலைப்பாதை: கமியோனேத்தாவா, கோச் பஸ்ஸா?

தென்றல்: அடுத்த மாதம் குவாத்தமாலா சிட்டியிலிருந்து ஷேலா போகிறேன். வரைபடத்தில் கெட்சல்தெனாங்கோ என்று இருக்கும் ஊர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைப்பாதை. கமியோனேத்தா என்ற உள்ளூர் பஸ்ஸில் போகலாமா, கோச் பஸ்தான் நல்லதா?

சாலைமாறன்: யோசிக்கவே வேண்டாம், கமியோனேத்தாதான். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பஸ்ஸை வாங்கி, கூரையில் கேரியர் வைத்து, பளீரென்று பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த சீட்டில் மூன்று பெரியவர்கள். வழியில் தின்பண்டம் விற்கிறவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பஸ் ஓடும்போதே உதவியாளர் பின்கதவு வழியாகக் கூரைக்கு ஏறி மூட்டையை அவிழ்ப்பார். லாஸ் என்குவென்ட்ரோஸ் சந்திப்பில் ஒரு பெரிய கூட்டம் இறங்கும். ஒரு பக்கம் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்கு, இன்னொரு பக்கம் அதித்லான் ஏரிக்கு. கோச்சில் கண்ணாடியை மூடிக்கொண்டு போனால் இதில் எதைப் பார்ப்பீர்கள்?

கதிர்: மாறன், பெயின்ட்டைச் சொன்னீர்கள், பிரேக்கைச் சொல்லவில்லை. 2025 பிப்ரவரி 10 அன்று தலைநகரில் பெலிசே பாலத்திலிருந்து ஒரு பஸ் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஷேலா பாதையோ அலாஸ்கா என்று அங்கே சொல்லும் மலை உச்சியில் ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. அங்கே பழைய வண்டியில் நின்றுகொண்டு போகச் சொல்கிறீர்களா?

சாலைமாறன்: அந்த விபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையோரக் கிராமத்து ஜனங்கள் தினமும் இதில்தான் போகிறார்கள். மூட்டையோடு வரும் கிச்சே மாயா பழங்குடி அம்மா பக்கத்தில் உட்கார நமக்கு என்ன தயக்கம்?

கதிர்: தயக்கம் அந்த அம்மாவிடம் இல்லை. அவருக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. அப்புறம், அந்த டிரைவர்களை நினைத்துப் பார்த்தீர்களா? கும்பல்கள் மாமூல் கேட்கின்றன, கொடுக்காதவர்களைச் சுடுகின்றன. இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான டிரைவர்களும் உதவியாளர்களும் செத்திருக்கிறார்கள். அதை நாம் அனுபவம் என்று கொண்டாடுவது எனக்கு வலிக்கிறது.

மீனாட்சி: கதிர், கொலைகள் பெரும்பாலும் தலைநகரிலும் அதைச் சுற்றியும் ஓடும் தடங்களில்தான். அதனால் ஷேலா வரை கோச்சில் போகட்டும். அங்கிருந்து சூனில் மாதிரிப் பக்கத்து ஊர்களுக்குக் கமியோனேத்தா போதும்.

சாலைமாறன்: சரி, சூனிலுக்குப் போகட்டும். ஆனால் அது குட்டிப் பயணம். நான் சொன்ன சந்திப்பு, சந்தைக்காரர்கள், மலையேற்றம் எல்லாம் நீங்கள் கோச்சில் தாண்டச் சொல்லும் தூரத்தில்தானே இருக்கின்றன? டிரைவர்கள் பிழைப்பு ஓடுவதும் பயணிகள் தரும் காசில்தான். நாம் ஏறாமல் விட்டால் எந்த டிரைவருக்கு நன்மை?

கதிர்: காசு கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தென்றல், எதில் போனாலும் விடியற்காலையில் கிளம்புங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், பிற்பகலில் கொட்டும், மண்ணும் சரியும். கமியோனேத்தா என்றே முடிவெடுத்தால், ஆள் தொங்கும் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.